பஞ்சு போலத் தெரியும் முள்

வேலியோரம் சிவந்து நிற்கும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறிக்கப் போகிறவர்கள் நீள முள்ளுக்குத்தான் பயப்படுகிறார்கள். அது குத்தினால் வலிக்கும், ரத்தம் வரும், பிடுங்கி எறிந்துவிடலாம். நாள்கணக்கில் பாடாய்ப்படுத்துவது அதன் அடியில் மஞ்சளும் பழுப்புமாய் அப்பியிருக்கும் பஞ்சுதான்.

இந்தக் கள்ளியில் தட்டையாக இருப்பது இலையன்று, தண்டு. இலைதான் முள்ளாகியிருக்கிறது. தண்டின்மேல் இடைவெளி விட்டுச் சிறு புள்ளிகள் இருக்கும். முள், பூ, புதுமடல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். அதே புள்ளியில் மயிரிழை போன்ற முட்களும் கற்றையாக நிற்கும். தொட்டால் போதும், கழன்று தோலில் ஏறிவிடும். தூண்டில் முள்போல் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் இழுத்தால் எளிதில் வராது. பழத்தோலிலும் இதே புள்ளிகள் உண்டு. நர்சரிகளில் விற்கும் ‘பன்னி இயர்’ கள்ளியில் நீள முள்ளே கிடையாது. மெத்தென்று தெரிவது முழுக்க இந்த நுண்முள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன்.

குத்திவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். மிச்சத்துக்கு, பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, மேலே காஸ் துணியை வைத்து, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். உடனே ஒட்டும் சூப்பர் பசை கூடவே கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள். சில நாள் கழித்துச் சிறு கொப்புளங்கள் கிளம்பினால், கள்ளியைத் தொட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பார்வைக்கு அது சிரங்குபோலவே இருக்கும். இஸ்ரேலில் இப்பழம் பறிக்கும் தொழிலாளர்களிடம் இந்தக் குழப்பம் பதிவாகியிருக்கிறது.

பெயரில் கள்ளி இருந்தாலும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். அவற்றில் ஆபத்து பாலில் இருக்கிறது. கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கி, தோலுரித்து அளவாகச் சாப்பிடலாம். மறுநாள் சிறுநீர் சிவந்தால் பெரும்பாலும் அது பழத்தின் நிறமே. விதையோடு அளவுக்கு மீறித் தின்றால் விதைகள் மலக்குடலில் கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொள்வதுண்டு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

முள்ளைவிடப் பெரிய கேடு விளம்பரத்தில் இருக்கிறது. இப்பழச்சாறு புற்றுநோயைப் போக்கும், கருப்பைக் கோளாறைத் தீர்க்கும், குழந்தைப்பேறு தரும் என்று விற்கிறார்கள். இந்த நோய்களைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிளாஸ்டிக் பூவைப் பசையால் ஒட்டிப் ‘பூக்கும் கள்ளி’ என்று விற்பதும் ஏமாற்றுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதற்கும் புகார் செய்யலாம். ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.