விந்தக இறங்காமையும் புற்றுநோய் இடரும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

ஆண் கருவின் விந்தகங்கள் வயிற்றறையில் தோன்றி, பிறப்பதற்கு முன்னர் விதைப்பைக்குள் இறங்குவது இயல்பு. அவற்றுள் ஒன்றோ இரண்டுமோ இறங்காமல் இடையில் தங்கிவிடுவது விந்தக இறங்காமை எனப்படும். பாடநூல்கள் விந்தகம் எனச் சுட்டும் உறுப்பை மக்கள் வழக்கு விதை என்றும் விரை என்றும் வழங்குகிறது. விரைவீக்கம் கண்ணுக்குப் புலப்படும் நோய்; இறங்காமையோ தொட்டுப் பார்த்தாலன்றிப் புலப்படுவதில்லை. இக்குறைக்கும் விந்தகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும், அதனைக் கண்டறிய உகந்த காலத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இறங்காமையின் இயல்பு

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளுள் நூற்றுக்கு 2 முதல் 4 பேரிடம் இக்குறை காணப்படுகிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இன்னும் மிகுதி. முதல் சில மாதங்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும். 6 மாதத்திற்குப் பின் அவ்வாறு இறங்குவது அரிது. ஆகவே, 6 முதல் 18 மாதத்திற்குள் அறுவை மருத்துவத்தால் விந்தகத்தை விதைப்பையில் நிலைநிறுத்த வேண்டும் என்பது மருத்துவ நெறி.

புற்றுநோய் இடர்

விதைப்பையின் வெப்பம் உடல் வெப்பத்தினும் சில பாகை குறைவு. இறங்காத விந்தகம் மிகை வெப்பத்தில் தங்குவதால் அதன் மூல உயிரணுக்கள் முறையாக முதிர்வதில்லை. அவ்வாறு முதிராதவையே பிற்காலப் புற்றுக்கு வித்தாகலாம் எனக் கருதப்படுகிறது. சுவீடனில் அறுவை செய்துகொண்ட 16,983 ஆண்களை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டோரின் இடர் பொதுமக்களினும் 2.23 மடங்காகவும், அதற்குப் பின் செய்துகொண்டோரின் இடர் 5.40 மடங்காகவும் இருந்தன. எனினும் இந்தியாவில் இப்புற்று ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களுள் ஒருவருக்கும் குறைவாகவே தோன்றுகிறது. எனவே இம்மடங்குகள் அச்சத்திற்குரியன அல்ல. காலத்தின் அருமையை உணர்த்துவன.

தடுப்பூசி நாளும் பரிசோதனையும்

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டம் முதலில் பட்டியலிட்ட 9 பிறவிக் குறைகளுள் இக்குறை இடம்பெறவில்லை. ஆயினும் தடுப்பூசி அட்டவணை இதற்கு வாய்ப்பளிக்கிறது. குழந்தை 14ஆம் வாரத்தில் ஐந்நோய்த் தடுப்பூசிக்கும், 9ஆம் மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கும் கொண்டுவரப்படுகிறது. முதல் வருகையில் இறங்காதிருப்பதைக் குறித்துவைத்து, அடுத்த வருகையிலும் இறங்கவில்லையெனில் அறுவை மருத்துவரிடம் அனுப்பலாம். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அண்டையிலுள்ள புதுச்சேரியில் ஜிப்மரும் உள்ளன. கிராமச் செவிலியரின் ஒரு நிமிடப் பரிசோதனையே அவ்வழிக்குத் தொடக்கமாகும். குளிரிலோ அச்சத்திலோ விந்தகம் தற்காலிகமாக மேலேறுவதுண்டு. ஆதலின் வெதுவெதுப்பான கையால் பொறுமையாகத் தொட்டறிதல் வேண்டும்.

அறுவைக்குப் பின்

அறுவை இடரைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆனால் விதைப்பையில் அமைந்த விந்தகத்தில் கட்டி தோன்றினால் கைக்குத் தட்டுப்படும். இப்புற்று பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் தோன்றுவது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஏறத்தாழ முழுமையாகக் குணமாவது. ஆகவே குழந்தைப் பருவத்தில் நிகழ்ந்த அறுவையை வளர்ந்த மகனுக்குத் தெரிவிப்பது பெற்றோர் கடமையாகிறது. கூச்சம் கருதி மறைத்தால், வலியற்ற கட்டியை அவன் பொருட்படுத்தாது விடக்கூடும்.

முடிவுரை

விந்தக இறங்காமை எளிதில் கண்டறியத்தக்கது, உரிய பருவத்தில் சீர்செய்யத்தக்கது. 9ஆம் மாதத் தடுப்பூசி நாளில் ஊசியோடு இப்பரிசோதனையும் இணையுமாயின், பள்ளிப் பருவம் வரை குறை மறைந்து நீடிக்கும் நிலை பெரிதும் தவிர்க்கப்படும்.