உள்நாட்டுக் கடல்நீர் மீன்தொட்டிகளில் நைட்ரேட்டு, பாஸ்பேட்டுக் கட்டுப்பாடு: ஓரிக்கையை முன்வைத்து

முன்னுரை

காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஓரிக்கை, கடலிலிருந்து விலகிய உள்நாட்டு ஊராகும். இத்தகைய ஊரில் கடல்மீன் வளர்ப்போர் செயற்கை உப்புக்கலவையை நன்னீரில் கரைத்தே கடல்நீரை ஆக்கிக்கொள்வர். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குறைக்க நீரை மாற்றுவதே எளிய வழி. ஆயின் 200 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் 20 லிட்டரை மாற்றினால், லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 36 கிலோ உப்பு வெளியேறும். அது மண்ணையும் கிணற்றுநீரையும் உவர்ப்பாக்கக்கூடும். எனவே நீர்மாற்றத்தைக் குறைக்கும் வடிகட்டுமுறைகள் இங்கு முதன்மை பெறுகின்றன.

சத்துகள் சேரும் வழி

மீன்கழிவும் எஞ்சிய தீவனமும் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதனால் நச்சுத்தன்மை குறைகிறதே தவிர, நைட்ரஜன் தொட்டியை விட்டு நீங்குவதில்லை. தீவனத்தின் பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகத் தங்குகிறது. உப்பைக் கரைக்கும் நீரில் நைட்ரேட்டு இருப்பின் அதுவும் சேரும், ஆதலால் ஆர்.ஓ. முறையில் தூய்மையாக்கிய நீரே ஏற்றது.

வடிகட்டுமுறைகள்

ஸ்கிம்மர், நுண்குமிழிகளில் ஒட்டும் கரிமப்பொருள்களை அவை சிதைவதற்கு முன்பே நுரையாக வெளியேற்றுகிறது. நுண்துளை ஊடகங்களின் ஆக்சிஜனற்ற உட்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்குகின்றன. பிற நாடுகளில் இதற்குப் பவளத்திட்டுப் பாறைகளைப் பயன்படுத்துவர். இந்தியாவில் திட்டு அமைக்கும் பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. ஆகவே பீங்கான் ஊடகமே இங்கு உரிய மாற்று.

பாஸ்பேட்டுக்கு வளியாகி வெளியேறும் வழி இல்லை. இரும்பு ஆக்சைடுத் துகள்கள் அதனைத் தம் மேற்பரப்பில் ஈர்த்துக்கொள்கின்றன. ஈர்ப்புத்திறன் தீர்ந்ததும் அவற்றை மாற்ற வேண்டும். தனி அறையில் ஒளியூட்டி வளர்க்கும் கீட்டோமார்பா பாசி இரு சத்துகளையும் உறிஞ்சும். அதனை அறுவடை செய்தால்தான் அவை தொட்டியை விட்டு நீங்கும்.

இருசத்துச் சமநிலை

கடல் மிதவையுயிரிகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அணுக்கணக்கில் ஏறத்தாழ 16:1 என அமைவதை ரெட்ஃபீல்டின் ஆய்வுகள் காட்டின. ஒன்று முற்றிலும் தீர்ந்தால் பாசியின் வளர்ச்சி நின்று, மற்றது நீரில் தேங்கும். ஆதலின் இரண்டையும் அளந்த பின்னரே வடிகட்டியைத் தேர்தல் வேண்டும்.

முடிவுரை

சத்தை உருமாற்றும் வடிகட்டியையும் அதனை வெளியேற்றும் வடிகட்டியையும் வேறுபடுத்தி அறிவதே இக்கட்டுப்பாட்டின் அடிப்படை. நுரை, பாசி, நிறைவுற்ற துகள் என வெளியேறுபவற்றை எளிதில் அப்புறப்படுத்தலாம்; நிலத்தில் கலந்த உப்பை மீட்பது அரிது. தவிர்க்கவியலாத சிறு நீர்மாற்றத்தின் உப்புநீரையும் ஆழமற்ற தட்டுகளில் வெயிலில் வற்றவைப்பது உள்நாட்டு வளர்ப்பாளருக்குப் பொருந்தும் நெறியாகும்.