கேட்கக் கற்ற மருத்துவம்

மருத்துவமனைப் படுக்கையருகே நின்று, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, விடை வருமுன்னே அடுத்த படுக்கைக்கு நகரும் காட்சி நமக்குப் புதிதன்று. மருத்துவரையோ செவிலியரையோ பழிப்பதற்காக இதை நாம் சொல்லவில்லை. அவர்கள் பெற்ற கல்வி உறுப்புகளையும் நோய்களையும் மருந்துகளையும் பற்றியது. நோயுற்ற மனிதரிடம் பேசும் திறன் அனுபவத்தால் தானாக வந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது தானாக வருவதில்லை. கற்பிக்கப்பட வேண்டியது, கற்பிக்கவும் கூடியது என்பது கடந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவ உலகம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்ட உண்மையாகும்.

நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்பது நோயாளி கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுவதன்று. நோய் அவருடைய வாழ்வில் எதைக் குலைத்தது, அவர் எதற்கு அஞ்சுகிறார், எதை நாடுகிறார் என்பவற்றை அறிந்து, அவரோடு சேர்ந்து மருத்துவத்தைத் திட்டமிடுவதே அதன் பொருள். இப்பயிற்சி ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டிற்கு எவ்வாறு சென்றது என்பதை, தீராத நோயுற்றோரின் துன்பம் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் துறையிலே தெளிவாகக் காணலாம். எனவே அவ்வரலாற்றையே இங்கு ஆராய்வோம்.

1. இலண்டனில் எழுந்த வினா

சிசிலி சாண்டர்ஸ் 1918-இல் பிறந்தவர். முதலில் செவிலியர், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், இறுதியாக 1957-இல் மருத்துவர். 1948-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் தாஸ்மா என்னும் யூதரை அவர் சந்தித்தார். போலந்திலிருந்து வந்து, உற்றார் எவருமின்றி இருந்தவர் அவர். இருவரும் உரையாடிய நாள்களில், இத்தகையோருக்கென ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் உருவாயிற்று. அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க விரும்பி, 500 பவுனை அவர் சாண்டர்ஸுக்கு விட்டுச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல், இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது.

சாண்டர்ஸ் கற்பித்தவற்றுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது: வலி மீண்டும் தாக்கி நோயாளி கதறும்வரை காத்திராமல், மார்ஃபின் மருந்தைக் குறித்த நேரந்தோறும் வாய்வழியாகக் கொடுத்தல். இரண்டாவது: 'முழு வலி' என்னும் கருத்து. உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தையும் பொருளையும் பற்றிய வலி, ஆவிக்குரிய வலி ஆகிய நான்கும் ஒரே மனிதருக்குள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தணிக்க இயலாது. இக்கருத்தை அவர் நூல்களிலிருந்து மட்டும் பெறவில்லை. நோயாளிகளின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து, அவர்களுடைய சொற்களிலிருந்தே பெற்றார். அவ்வகையில் நோயாளியே ஆசிரியரானார்.

அவ்வில்லம் தொடக்கமுதலே பராமரிப்பு, ஆய்வு, கல்வி ஆகிய மூன்றையும் இணைத்தது. ஆகவே பிற நாட்டினர் கற்க வந்தனர். அமெரிக்காவின் யேல் செவிலியர் கல்லூரித் தலைவர் ஃபுளோரன்ஸ் வால்ட், 1963-இல் சாண்டர்ஸின் உரையைக் கேட்டவர். பின்னர் தம் பதவியைத் துறந்து, இலண்டன் சென்று கற்றுத் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1974-இல் கனெக்டிகட்டில் இப்பணி தொடங்கிற்று. கனடாவின் அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1973-இல் இலண்டனுக்கு வந்து கண்டதை, 1975-இல் மாண்ட்ரியலில் பெரிய பொது மருத்துவமனை ஒன்றின் உள்ளேயே நிறுவினார்.

2. எதைக் கற்பிக்கின்றனர்?

"அன்பாகப் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவது பயிற்சியாகாது. துயரமான செய்தியை நோயாளிக்கு அறிவிப்பதை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் வட அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று வகுத்த ஆறுபடி முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. முதலில், தனியான இடத்தில் அமர வேண்டும். இரண்டாவது, நோயாளி தம் நோயைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருப்பதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். நான்காவது, எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது, அவருடைய கண்ணீருக்கும் சினத்திற்கும் மௌனத்திற்கும் இடங்கொடுக்க வேண்டும். ஆறாவது, இனிச் செய்வதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். செய்தியைச் சொல்வது நான்காம் படியிலேதான் வருகிறது என்பதைக் கவனிக்க. அதற்கு முன்னுள்ள இரண்டு படிகளும் கேட்பதற்கே உரியவை. மாணவர் ஒருவர் மருத்துவராகவும் மற்றொருவர் நோயாளியாகவும் நடித்துப் பழகுவர். சுற்றியிருப்போர் குறைநிறைகளைக் கூறுவர்.

எனினும் ஓரிடத்தில் உருவான முறையை மற்றோரிடத்தில் அப்படியே பதியமிட இயலாது. நம் நாட்டில் மகன் மருத்துவரைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா" என்று கைகூப்புகிறார். பயிற்சி பெற்றவர் அவரைக் கடிந்துகொள்வதுமில்லை, உடனே இணங்கிவிடுவதுமில்லை. மகனின் அச்சத்தை முதலில் கேட்கிறார். பின் தந்தையிடம் சென்று, அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்கிறார். பல வேளைகளில் தந்தை எல்லாவற்றையும் முன்னமே உணர்ந்து, மகனுக்காக மௌனமாக இருப்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

3. கோழிக்கோடு பெற்றதும் மாற்றியதும்

கேரளத்தின் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். புற்றுநோயால் முகத்தில் கடும் வலியுற்ற ஒரு பேராசிரியருக்கு, அவர் நரம்பில் ஊசியிட்டு வலியை நீக்கினார். ஆனால் அச்சிகிச்சையின் வழியாகவே, தம் நோய் தீராதது என்பதை அந்நோயாளி அறிந்துகொண்டார். வீடு திரும்பியவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நரம்பை அறிந்த மருத்துவம் மனிதரை அறியவில்லை என்பதே இராஜகோபால் பெற்ற பாடம்.

பிரிட்டிஷ் செவிலியரான கில்லி பர்ன் இந்தியாவெங்கும் பயணம் செய்து வகுப்புகள் நடத்தினார். ஆக்ஸ்போர்டில் ராபர்ட் ட்வைக்ராஸ் தலைமையில் இயங்கிய மையம், உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாக இருந்து இந்திய மருத்துவருக்குப் பயிற்சியளித்தது. இத்துணையோடு இராஜகோபாலும் சுரேஷ் குமாரும் பிறரும் 1993-இல் கோழிக்கோட்டில் வலி, நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தை நிறுவினர்.

ஆனால் அவர்கள் இலண்டனின் கட்டடத்தை இங்கு மீண்டும் எழுப்ப முயலவில்லை. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் இறுதி நாள்களை வீட்டில் கழிக்கவே விரும்புகின்றனர்; குடும்பத்தாரே பேணுகின்றனர். எனவே பயிற்சி, படுக்கைகளைவிட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றனர். புண்ணைக் கழுவவும், அரிசி தீர்ந்த வீட்டை அறிவிக்கவும், அமர்ந்து கேட்கவும் கற்றனர். 2008-இல் கேரள அரசு இப்பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலாவது. கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள பயிற்சி நிறுவனங்கள் பின்னர் தாமே உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையங்களாயின. நேற்றைய மாணவர் ஆசிரியரானார்.

4. உகாண்டாவின் விடை

அதே 1993-இல் ஆங்கிலேய மருத்துவர் ஆன் மெரிமன் உகாண்டாவின் கம்பாலா நகரில் ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா என்னும் பணியைத் தொடங்கினார். மார்ஃபின் பொடியை நீரில் கரைத்து, குறைந்த செலவில் வாய்வழி மருந்தாக்கும் முறையைச் சிங்கப்பூர் அனுபவத்திலிருந்து அவர் கொண்டுவந்தார். ஆனால் மருந்தை எழுதித்தர ஊர்ப்புறங்களில் மருத்துவர் இல்லை. ஆகவே 2004-இல் உகாண்டா தன் விதிகளை மாற்றியது. சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவ உதவி அலுவலரும் மார்ஃபின் வழங்கலாம் என அனுமதித்தது. நோயாளியின் அருகே யார் இருக்கிறாரோ அவரைப் பயிற்றுவித்து, அவருக்கே அதிகாரமும் அளிப்பது என்னும் இப்பாடம் செல்வ நாடுகளும் கற்கத்தக்கது.

5. ஒத்துழைப்பு எங்கே தவறுகிறது?

பயிற்சி மட்டும் பயணம் செய்து, மருந்து பயணம் செய்யாவிடில் பயன் குறைவே. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், மார்ஃபின் உரிமங்களை மிகச் சிக்கலாக்கியது. பயிற்சி பெற்று வந்தவர்கள் வெறுங்கையோடு நிற்க நேர்ந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2017-இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட 298.5 டன் மார்ஃபின் அளவிலான வலி மருந்தில், மிக வறிய நாடுகளைச் சேர்ந்தது 0.1 டன் மட்டுமே. வலியைக் கேட்கக் கற்ற செவிலியர், கேட்டபின் கொடுக்க ஒன்றுமில்லாதிருப்பது எத்துணைக் கொடுமை!

மற்றொரு தவறு, வருகை தரும் ஆசிரியர் சில நாள் கற்பித்துச் சென்றுவிடுவது. கல்வி நிலைக்க வேண்டுமாயின் அது பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். 2014-இல் உலக சுகாதாரப் பேரவை இதனையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவக் கல்வியில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவை தனிப் பாடமாக வைக்கப்பட்டுள்ளன. பாடம் ஏட்டில் மட்டும் நின்றுவிடாதபடி, மூத்த மருத்துவர் படுக்கையருகே அதைச் செய்துகாட்ட வேண்டும். மாணவர் சொற்பொழிவை மறப்பர். ஆசிரியர் நாற்காலியை இழுத்து நோயாளியருகே அமர்ந்ததை மறவார்.

6. நமக்குரிய பாடம்

ஆவிக்குரிய வலியையும் சாண்டர்ஸ் தம் நான்கனுள் சேர்த்தார். அதனால் மருத்துவக் குழுவில் ஆயருக்கும் இடமுண்டு. ஆனால் அவ்விடத்திற்கு நாம் தகுதியுடையோரா? நோயாளியைச் சந்திக்கச் செல்லும் நாமும் விரைந்து சங்கீதம் வாசித்து, விரைந்து செபித்து, விரைந்து புறப்படுவதுண்டு. எரிகோவின் வழியருகே இருந்த பார்வையற்றவருடைய தேவை எவருக்கும் வெளிப்படையாகவே தெரிந்தது. எனினும் ஆண்டவர் அவரை அழைத்து, அவர் விரும்புவது என்னவென்று கேட்டார். குணமாக்குமுன் கேட்டார்.

இலண்டனிலிருந்து கோழிக்கோட்டிற்கும், சிங்கப்பூரிலிருந்து கம்பாலாவிற்கும் சென்றது அரிய கருவியன்று. எளிய மருந்தும், பொறுமையான ஒரு கேள்வியுமே. பெற்ற நாடு ஒவ்வொன்றும் அக்கேள்வியைத் தன் மொழியில் மீண்டும் கேட்டது. அதனாலேயே அது அங்கே வேரூன்றிற்று. அடுத்த முறை படுக்கையருகே செல்லும்போது, வேத புத்தகத்தைத் திறக்குமுன் நாமும் நாற்காலியை இழுத்து அமர்ந்து, கேட்கத் தொடங்குவோமாக.