களரும் நம் நிலமே

திருவரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு பிடி மண் அள்ளினால் வண்டல் விரலில் ஒட்டும். நெல்லும் வாழையும் செழிக்கும் மண் அது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டுப் பக்கம் போனால் களர் மண்ணைப் பார்க்கலாம். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் கல்லாக இறுகும்.

மண் வகையை ஆறும் பாறையும் தீர்மானிக்கின்றன. எந்த மண் யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் வரி நீங்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியே குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குடியிருப்பு ஊருக்கு வெளியே பிரிக்கப்பட்டிருந்தது. நஞ்சைச் சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் நம் முன்னோர். நிலத்தின் உரிமையோ வேறு கைகளில் இருந்தது.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்போது நல்ல நஞ்சையெல்லாம் பிறர் பெயரில் இருந்ததால், நமக்குக் கிடைத்தது தரிசு. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை.

இன்று நகரம் நீண்டு வருகிறது. "களர்தானே, என்ன விளையப்போகிறது? வந்த விலைக்குக் கொடுத்துவிடு" என்ற பேச்சை நாம் ஊர் ஊராகக் கேட்கிறோம். விளையாத மண்ணைத் தரகர் ஏன் தேடி வருகிறார் என்று யோசிக்க வேண்டாமா?

களர் திருந்தும். சோடியம் மிகுந்த மண்ணில் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடுகின்றன. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ஜிப்சம் இட்டு உழுது, நீர் நிறுத்தி, வடித்துவிட வேண்டும். பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். நவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களைத் தந்திருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் வீண். அந்த வடிகால் அடுத்தவர் வயல் வழியே போக வேண்டிய இடத்தில் மண் பிரச்சினை சாதிப் பிரச்சினையாகிவிடும். அதைத் தனி ஆளாகப் பேசாமல், தெருவே சேர்ந்து மனுவாகக் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் தாலுகா அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேட்டைப் பாருங்கள்; அது பஞ்சமி நிலமா என்று கேளுங்கள். வயலில் பத்து இடங்களில் 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, மண்ணைக் கலந்து, அரைக் கிலோ எடுத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். எவ்வளவு ஜிப்சம் என்பதைச் சோதனை முடிவு சொல்லும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். கல்லாதவரைப் பயன் தராத களருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நீங்கள் படித்த படிப்பு உங்கள் அப்பாவின் களருக்கும் பயன்படட்டும். இந்த விடுமுறையில் அந்தப் பதிவேட்டையும் அந்த மண்ணையும் நீங்களே எடுத்துப் பாருங்கள்.