வெள்ளம் வடிந்தது, பட்டறை ஓடவில்லை!

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. அடையாறு கரை புரண்டது. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் சிறு பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பின்னர் வடிந்தும் விட்டது. உடனே லேத்தை ஓட்டலாமா? கூடாது! நனைந்த மோட்டாரைக் காயவைத்துச் சோதிக்காமல் சுவிட்சைப் போட்டால் சுருள் கருகிவிடும். ஆர்டர் கொடுத்தவர் அதுவரை காத்திருப்பாரா?

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!" என்பார் முதலாளி. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கானது. வெள்ளச் சேதமும் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டறை மூடிக் கிடந்த நாட்களின் வருமானத்தை அது தராது. அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

இன்னொன்று: இயந்திரம் வாங்கிய பில்லே மேஜையின் அடித்தட்டில் ஊறிப் போனால் நஷ்டத்தை எதைக் கொண்டு காட்டுவது? ஒரு நகல் வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.