நட்டஈடு ஸதகா அல்ல, உரித்து

பாலமுனையிலும் ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும் வேலைத்தலத்தில் ஒருவர் விழுந்து காயப்பட்டால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வருவார். மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். வீட்டாரும் அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுத்துக்கொள்வார்கள். பொறுமை நல்லது. ஆனால் சட்டம் தந்த உரித்தை விடச் சொல்லி மார்க்கம் யாரையும் கேட்கவில்லை.

அந்த உரித்து 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தில் இருக்கிறது. காயப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில.

முதலாளியில் பிழை இல்லையென்றாலும் கேட்கலாமா?

கேட்கலாம். வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் நடந்த விபத்து என்றால் போதும். முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் போதையில் இருந்ததாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதாலோ காயப்பட்டால் முதலாளி மறுக்க இடமுண்டு. தொழிலால் வரும் சில நோய்களும் சட்டத்துக்குள் அடங்கும்.

நாட்கூலிக்கு உண்டா?

கொந்தராத்துக்காரரிடமோ நெல் ஆலையிலோ, அவர்களுடைய தொழிலுக்காக வேலை செய்பவருக்கு உண்டு. நியமனக் கடிதம் இல்லை என்பது தடையல்ல. தன் சொந்த வீட்டு வேலைக்கு ஒருவர் இரண்டொரு நாள் கூப்பிட்ட கூலியாளின் நிலை வேறு. அங்கே இந்தச் சட்டம் கைகொடுப்பது கடினம்.

முதலாளி காப்புறுதி எடுக்கவில்லையே?

பொறுப்பு முதலாளியுடையது. காப்புறுதி இல்லாததால் அது நீங்காது.

எவ்வளவு கிடைக்கும்?

சம்பளத்தையும் இழப்பின் அளவையும் வைத்துக் கணக்கிடுவார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 5½ இலட்சம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக்கியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் அதுவே உள்ளடக்கியது.

தொழிலாளி மௌத்தானால்?

நட்டஈட்டுத் தொகையை முதலாளி, வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். தங்கி வாழ்ந்தோருக்கு ஆணையாளரே அதைப் பங்கிடுவார். மையித்து வீட்டில் கையில் கொடுத்த பணம் இந்த நட்டஈட்டுக்கு ஈடாகாது.

கோரிக்கை தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாமல்தான். ஆகவே விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் எப்படிக் காயம் வந்தது என்பதை ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரையும், சம்பளம் வாங்கியதற்கான கொப்பிக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்ற கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. சமரசப் பேச்சில் மாதங்களைக் கழிக்காமல் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காயப்பட்ட தொழிலாளிக்குப் பணம் சேர்த்துக் கொடுங்கள். அத்தோடு அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும் ஓர் ஆளை அனுப்புங்கள்.