சந்திரனில் வாழ்ந்த வௌவால் மனிதர்

1835-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், நியூயார்க் நகரின் ‘தி சன்’ நாளிதழில் ஒரு கட்டுரைத் தொடர் தொடங்கியது. வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் அப்போது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் விண்மீன்களை ஆராய்ந்து வந்தார். அவர் மாபெரும் தொலைநோக்கி ஒன்றின் மூலம் சந்திரனில் உயிரினங்களைக் கண்டார் என்பதே செய்தி. அவற்றுள் தலையாயது, சிறகுள்ள மனித இனம்!

அவ்வினத்திற்கு ‘வெஸ்பர்டிலியோ ஹோமோ’, அதாவது வௌவால் மனிதன், என்று லத்தீன் பெயரும் சூட்டப்பட்டது. உயரம் சுமார் நான்கு அடி. முகம் நீங்கலாக உடலெங்கும் செம்பு நிறக் குறுமயிர். தோள் முதல் கெண்டைக்கால் வரை முதுகில் படிந்து கிடக்கும் மெல்லிய சவ்வுச் சிறகுகள். பழம் உண்பர், கைகளை அசைத்து உரையாடுவர், நீராடியபின் வாத்துகளைப் போல் சிறகுகளை உதறுவர்.

இது உண்மையாக இருக்க முடியுமா? விலங்கியல் கொண்டு ஆராய்வோம்.

வௌவாலின் சிறகு முதுகில் முளைத்த தனி உறுப்பன்று, அதன் கையேதான். நம் கையிலுள்ள புய எலும்பும் முன்கை எலும்புகளும் விரல்களும் அங்கேயும் உள்ளன. விரல்கள் நீண்டு, அவற்றிடையே தோல் விரிந்திருக்கிறது. இவற்றையே அமைப்பொத்த உறுப்புகள் என்கிறோம். பறவையும் கையைக் கொடுத்தே சிறகைப் பெற்றது. முதுகெலும்பிகளுக்கு நான்கு கைகால்களுக்கு மேல் இல்லை. சந்திர மனிதருக்கோ இரு கைகள், இரு கால்கள், இரு சிறகுகள் என ஆறு!

எடை மற்றொரு தடை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள நம் பழந்தின்னி வௌவாலுக்கே சுமார் நான்கடி அகலச் சிறகு வேண்டியிருக்கிறது. சந்திரனின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதானே என்று கேட்கலாம். ஆனால் சிறகு உந்தித் தள்ளக் காற்று வேண்டுமே! சந்திரனுக்குப் பின் செல்லும் விண்மீன் படிப்படியாக மங்காமல் சட்டென மறைவதைக் கொண்டு, அங்கே காற்று மண்டலம் இல்லை என வானியலார் அக்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

ஆயினும் ஏராளமானோர் நம்பினர். ஆறு பகுதிகளாக வந்த அத்தொடர் முழுவதும் கட்டுக்கதை. எழுதியவர் அவ்விதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். ஹெர்ஷலுக்கு அதில் எத்தொடர்பும் இல்லை. அறிஞர் பெயரும், லத்தீன் சொல்லும், அளவுகளும் சேர்ந்து பொய்க்கு அறிவியல் வேடம் கட்டிவிட்டன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. செய்தித்தாளாயினும் கைப்பேசியாயினும், நான் படித்துச் சொல்வதை வீட்டார் அப்படியே ஏற்கின்றனர். “காலேஜில் படிக்கிற பிள்ளை சொல்கிறான்” என்பதே அவர்களுக்குப் போதுமான சான்று. நான் ஆராயாமல் நம்பினால் ஒரு வீடே ஏமாறும். எலும்புகளின் பெயர்களைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யாமல், கேள்விப்படுவதை உரசிப் பார்க்கும் கல்லாகவும் கொள்வோமாக!